தாமதத்திற்குத் தள்ளுபடியா?

கன்றின் மீது தேரேற்றினான் இளவரசன். பெற்ற மகனென்றும் பாராமல், அவனை அதே தேர்க்காலில் இட்டான் மனுநீதிச் சோழன்! புராணம் சொல்கிறது, புலவர் புகழ்கின்றனர், சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே சிலையும் நிற்கிறது. கதையின் முடிவையும் நினைவிலே வையுங்கள். இறைவன் தோன்றினான், கன்று எழுந்தது, இளவரசனும் எழுந்தான், இழப்பு எவருக்கும் இல்லை! புராணத்திலே அது எளிது, தோழர்களே! தார்ச்சாலையிலே மாண்டவன் எழுவதில்லை. மோதியவன் மட்டுமே எழுகிறான். எழுந்து வழக்கறிஞரைத் தேடுகிறான்.

1999 ஜனவரி 10. தில்லி, லோதி சாலை. பொழுது புலராத வேளை. சீமான் வீட்டு இளைஞன் ஒருவன், குடித்த நிலையில், விலையுயர்ந்த காரில் பறந்து வந்தான். ஆறு உயிர்கள் போயின. அவற்றுள் மூன்று, காவல் பணியில் நின்ற காவலரின் உயிர்கள். நின்று பார்த்தானா? இல்லை. மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றானா? இல்லை. சாலையிலே சிந்திய எண்ணெய்த் தடத்தைப் பற்றிச் சென்ற காவலர், ஒரு மாளிகையிலே அந்தக் கார் கழுவப்படுவதைக் கண்டனர்!

காரைக் கழுவியது சில நிமிட வேலை. வழக்கை இழுத்ததோ ஆண்டுக் கணக்கில்! சாட்சிகள் பிறழ்ந்தனர். சாட்சியை வளைக்க முயன்றதற்காக எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என 2009-இல் உச்சநீதிமன்றமே உறுதி செய்தது. ஒன்பது ஆண்டுகள் உருண்டபின், 2008-இல் விசாரணை நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. மறு ஆண்டே உயர்நீதிமன்றம் அதை இரண்டாண்டாக்கிற்று. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமன்று, வெறும் கவனக்குறைவே என்றது. 2012-இல் உச்சநீதிமன்றம், "கவனக்குறைவன்று, பெருங்குற்றமே" என்று, பத்தாண்டு வரை சிறை விதிக்க இடந்தரும் பழைய பிரிவை மீட்டது. மகிழ்ந்தோம்! ஆனால் தண்டனை? அவன் அதுவரை கழித்த சிறைவாசமே போதும். 50 லட்சம் ரூபாய் கட்டி, இரண்டாண்டு சமூகப் பணி செய்யட்டும் என்று முடிந்தது. பிரிவு பெரிதாயிற்று; சிறை பெரிதாகவில்லை!

இது ஒரு வீட்டுக் கதையன்று. பஞ்சாபிலே 2007-இல் இருவரைக் கொன்ற கார் விபத்து. கீழ்மன்றம் தந்தது ஓராண்டுச் சிறை. உயர்நீதிமன்றம், 85,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கப்பட்டதைக் காட்டி, கழித்த 24 நாட்களே போதும் என்றது! உயிருக்குப் பன்னிரண்டு நாள்! 2015-இல் உச்சநீதிமன்றம் இதைக் கண்டித்து, தண்டனையை ஆறு மாதமாக்கியது. இழப்பீடு கொடுத்ததாலேயே தண்டனையைக் குறைக்க முடியாது என்றும் தெளிவாக்கியது. ஆனால் அந்த ஆறு மாதமும், கீழ்மன்றம் தந்ததில் பாதிதான்!

வழக்கமான வாதங்கள் மூன்று. முதலாவது: "ஆண்டுகள் பல ஓடிவிட்டன, இத்தனை காலம் வழக்குச் சுமையால் வாடினான்." ஓடியது யாருடைய காலம்? குற்றம் சாட்டப்பட்டவன் பிணையிலே வீட்டில் உண்டு உறங்கினான். மாண்டவனின் மனைவியோ, வாய்தாவுக்கு வாய்தா, கூலியை இழந்து நீதிமன்றப் படிக்கட்டிலே காத்திருந்தாள். தாமதத்தால் நொந்தவள் அவள். தாமதத்திற்குத் தள்ளுபடி அவனுக்கா? இழுப்பவனுக்கே இலாபம் என்றால், இழுக்காமல் இருப்பவன் எவன்?

இரண்டாவது: "இழப்பீடு கொடுத்துவிட்டான்." கொடுக்கட்டும்; அது கடன்! கடனை அடைத்தவனுக்குக் குற்றத்தில் கழிவு உண்டோ? நாள் கூலிக்கு லாரி ஓட்டுபவனும் தவறிழைத்தால் தண்டனை பெறுகிறான். அள்ளிக் கொடுக்க அவனிடம் ஏது இலட்சங்கள்? பணமுள்ளவனுக்கு இரக்கம், பணமற்றவனுக்குச் சிறை எனில், அதன் பெயர் நீதியன்று, விலைப்பட்டியல்!

மூன்றாவது, மன்றத்திலே சொல்லப்படாதது; மக்கள் வாயிலே நாள்தோறும் உலவுவது: "விதி! அவன் நேரம் அப்படி!" தோழர்களே, இந்த ஒரு சொல், கட்டணம் வாங்காமல் குற்றவாளிக்கு வாதாடும் வழக்கறிஞர்! 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். இத்தனை தலைகளிலும் ஒரே எழுத்தை எழுதியவன் எவன்? எழுதியது மது, எழுதியது வேகம், எழுதியது பழுதான சாலை, எழுதியது, என்ன செய்தாலும் தப்பலாம் என்ற துணிவு!

சட்டம் மாறவில்லையா என்பீர். மாறிற்று. கவனக்குறைவால் மரணம் விளைவித்தவனுக்கு இரண்டாண்டே உச்ச தண்டனை என்று 1870-இல் வெள்ளையன் சேர்த்த 304-ஏ பிரிவு போய், 2024 ஜூலை முதல் புதிய சட்டத்திலே ஐந்தாண்டு வரை விதிக்க வழி பிறந்தது. உச்சவரம்பு உயர்ந்தது, குறைந்தபட்ச வரம்பு என்று ஒன்றில்லை. ஐந்தை இரண்டாக்கி, இரண்டை இருபது நாளாக்கும் கதவு திறந்தே கிடக்கிறது. அந்தக் கதவருகே பாதிக்கப்பட்டவர் நிற்கவும் இடமில்லை. குற்றவாளி விடுதலையானால், அல்லது சிறு குற்றத்திற்கு மட்டும் தண்டிக்கப்பட்டால், மேல்முறையீடு செய்யும் உரிமை 2009-இல் அவர்களுக்குக் கிடைத்தது. தண்டனை போதாது என்று முறையிடும் உரிமையோ அரசுக்கு மட்டுமே! அரசு வாளாவிருந்தால், விதவையும் வாளாவிருக்க வேண்டுமாம்!

பழிக்குப் பழி கேட்கவில்லை நாம். எவனையும் தேர்க்காலில் இடவேண்டா. திருந்துபவனுக்கு இரக்கம் காட்டுவதையும் வெறுக்கவில்லை. நாம் கேட்பவை நான்கே. சாலை மரண வழக்குகள் முடியக் காலவரையறை வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வளர்த்த தாமதம், தண்டனைக் குறைப்புக்குக் காரணமாகக் கூடாது. தண்டனையைக் குறைக்குமுன் மாண்டவர் குடும்பத்தைக் கேட்கவேண்டும். போதாதெனில் அவர்கள் மேல்முறையீடு செய்ய உரிமை வேண்டும்.

இளைஞர்களே! சட்டம் திருந்தும்வரை நமக்கும் பணி உண்டு. அடிபட்டவனைத் தூக்கிச் செல்பவரைக் காவல்துறை அலைக்கழிக்கக் கூடாதென்ற நெறிகளை 2016-இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டமும் பாதுகாப்பளித்தது. ஆகவே அஞ்சாது கை கொடுங்கள். கண்டதைக் கண்டபடி மன்றத்திலே சொல்லுங்கள். பத்தாண்டு கழித்துக் கேட்டாலும் பிறழாது சொல்லுங்கள். சாட்சி நிலைத்தால் வழக்கு நிலைக்கும். மாண்டவனை எழுப்ப எந்த இறைவனும் வரப்போவதில்லை. அவனுக்காக எழுந்து நிற்க நாம் வரலாம்!