இராகுகாலமும் இறைமக்களும்

திருமணத்திற்கு நாள் குறிக்கப் பங்குத்தந்தையை நாடுமுன் பஞ்சாங்கத்தைப் புரட்டும் வழக்கம் நம் கத்தோலிக்க இல்லங்களிலும் உண்டு. திருமுக்கூடல் தொடங்கிக் காஞ்சி வரை தறி ஓடும் ஊர்களில், புதுப் பாவு பிணைக்கவும் இராகுகாலம் கழிய வேண்டும். கிரகணம் என்றால் கருவுற்ற பெண் அறைக்குள் அடைபட வேண்டும். ஞாயிறன்று திருப்பலி, திங்களன்று எமகண்டம்! இந்த இரட்டை வாழ்வுக்கு மறையுரை மட்டும் மருந்தாகாது. வானியல் கல்வியே மருந்து என்பது நம் துணிபு.

இராகு என்பது யாது? கோளுமன்று, பாம்புமன்று. கதிரவன் செல்வதாகத் தோன்றும் பாதைக்கு நிலவின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்துள்ளது. அவை வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளே இராகுவும் கேதுவும். அப்புள்ளிகளை ஒட்டி அமாவாசையோ பௌர்ணமியோ நேர்ந்தால் கிரகணம் உண்டாகும். இதனைக் கணித்த முன்னோர் போற்றுதற்குரியர்.

ஆனால், நம்மை நாள்தோறும் அச்சுறுத்தும் இராகுகாலத்திற்கும் அப்புள்ளிகளுக்கும் யாதொரு தொடர்புமில்லை. பகற்பொழுதை எட்டாக வகுத்து, கிழமைக்கொரு பங்கை ஒதுக்கியதே இராகுகாலம். திங்களன்று காலை 7.30 முதல் 9 மணி வரை. ஞாயிறன்று மாலை 4.30 முதல் 6 மணி வரை. வானில் இராகு எங்கிருப்பினும் இந்த அட்டவணை மாறாது. வானத்தைப் பாராத ஓர் அட்டவணைக்கு, வானத்தின் பெயரால் நாம் நடுங்குகிறோம்!

இது மரபை இகழும் பேச்சு என்று சிலர் சினப்பர். அவர்கள் சிந்தாமணி ரகுநாதாச்சாரியின் வரலாற்றைப் படிக்கட்டும். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்த அவர், சென்னை வானாய்வகத்தில் பணியாற்றி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். வானோடு பொருந்தாத கணிப்பைத் திருத்த வேண்டுமென வாதிட்டார். மரபுக்கு உண்மையான மரியாதை அதுவே.

திருச்சபைக்கும் வானியல் அயலானதன்று. 1582-இல் திருத்தந்தை 13-ஆம் கிரகோரியார் நாட்காட்டியைத் திருத்தியது உயிர்ப்புப் பெருவிழா உரிய பருவத்தில் அமைவதற்காகவே. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் வால்மீனை நோக்கிய இயேசு சபைக் குரு ழான் ரிஷோ, ஆல்பா சென்டாரி ஒன்றன்று, இரட்டை விண்மீன் எனக் கண்டார். 1633-இல் கலிலேயோவுக்குத் தீர்ப்பிட்டோரின் பிழையை 1992-இல் திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் வெளிப்படையாக ஏற்றார். விசுவாசம் உண்மைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பசி தீராத நாட்டில் தொலைநோக்கி எதற்கு என்பர் வேறு சிலர். நாம் திருப்பிக் கேட்கிறோம்: பரிகாரத்திற்குச் செலவாகும் கூலிப்பணம் யாருடையது? செவ்வாய் தோஷமென்று ஒதுக்கப்படும் பெண் யார் வீட்டு மகள்? 2014-இல் நம் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிற்று. பூமியினும் சிறிய, குளிர்ந்த பாறைக்கோள் அது. அக்கோளுக்கு நம் மகளின் பெயரும் தெரியாது, பிறந்த நேரமும் தெரியாது. அச்சத்திற்கு மிகுந்த விலை கொடுப்பவன் ஏழையே. ஆகவே வானியலும் ஏழைக்கே முதலில் தேவை.

திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கும் செய்யாறு சவ்வாது மலையில் பிறக்கிறது. அதே மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வகம் உள்ளது. 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி அங்கே 1986-இல் தொடங்கி வைக்கப்பட்டது. திருத்தலங்களுக்குப் பேருந்து அமர்த்தும் நம் பங்குகள், ஒருமுறையேனும் இளைஞரை அம்மலைக்கு அழைத்துச் செல்லலாகாதா? மறைக்கல்வி வகுப்பில் ஒரு மாலைப்பொழுதை விண்மீன்களுக்கு ஒதுக்கலாகாதா?

அடுத்த கிரகணத்தன்று கதவைத் தாழிடாதிருப்போம். சந்திர கிரகணமாயின் வெறுங்கண்ணோடும், சூரிய கிரகணமாயின் அதற்குரிய பாதுகாப்புக் கண்ணாடியோடும் பிள்ளைகளை முற்றத்திற்கு அழைத்து வருவோம். அவர்களுடன் தாய்மாரும் வரட்டும்.