விருது கிடைக்காத கேம் தோற்ற கேமா?



"ஏழு நொமினேஷன், ஒரு விருதும் இல்ல. அப்ப அது சரியில்லாத கேம்தானே?" 2023 த கேம் அவார்ட்ஸில் 'ஸ்பைடர்மேன் 2' வெறுங்கையோடு திரும்பியதை வைத்து நம் பிள்ளைகள் இப்படித்தான் பேசுகிறார்கள். நாமும் தலையாட்டுகிறோம். இது பிழை.

தீர்மானிப்பது யார்? 90 வீதம் ஊடகங்களின் நடுவர் குழு. விளையாடுபவர்களின் வாக்குக்கு 10 வீதம்தான். கள்ள வாக்கைத் தடுக்க என்பார்கள். சரி, நியாயம். அப்படியென்றால் அதை ஊடகங்களின் விருது என்று சொல்லுங்கள். உலகத்தின் தீர்ப்பு என்று சொல்லாதீர்கள்.

அடுத்தது திகதி. 2018 விழா டிசம்பர் 6இல் நடந்தது. 'சுப்பர் ஸ்மேஷ் ப்ரதர்ஸ் அல்டிமேட்' வந்தது 7இல். அந்த வருடப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. மறு வருடம் போட்டியிட்டபோது ஆண்டின் சிறந்த கேம் விருது 'செகிரோ'வுக்குப் போனது. இதில் கேமின் குறை எங்கே?

மூன்றாவது, கூட நிற்பவர் யார் என்பது. ஸ்பைடர்மேன் வந்த வருடமே 'போல்டர்ஸ் கேட் 3'உம் 'அலன் வேக் 2'உம் வந்தன. வேறு வருடமென்றால் கதை மாறியிருக்கலாம்.

பரீட்சை முடிவை வைத்தே பிள்ளையை எடைபோடும் பழக்கம் நமக்கு ஏற்கனவே இருக்கிறது. விளையாட்டிலும் அதையே பழக்க வேண்டாம். "விளையாடிப் பார், நல்லதா கெட்டதா என்று காரணத்தோடு சொல்" என்று கேட்போம். சொந்தமாக யோசிக்கிற பிள்ளைதான் நமக்கு வேண்டும்.