ஐயம் தீர்ப்பாகலாமா?

ஐயத்தை மட்டும் கொண்டு ஒருவனைத் தண்டிக்க நீதி இடந்தராது. சான்று வேண்டும், சாட்சி வேண்டும். ஆனால், பிறவாத பிள்ளையின் வழக்கிலே ஐயமே நீதிபதியாய் அமர்ந்து தீர்ப்புக் கூறுமாயின் அதனை என்னென்பது?

ஆபிரிக்காவின் மலாவி நாட்டிலே, சோளமும் புகையிலையும் பயிரிட்டு வாழும் கமக்காரர் பலரின் வீடுகளில் இவ்வழக்கு நடந்தது. 1998 ஆம் ஆண்டு முதல் ரும்பி, மச்சிஞ்சி, பலாக்கா ஆகிய மூன்று மாவட்டங்களில் கிராமக் குடும்பங்களை ஆராய்ந்து வந்தோர் ஓர் உண்மையைக் கண்டனர். எயிட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. கிருமி தம் உடலில் உண்டென்று நம்பியிருந்தோருட் பலருக்கு, சோதித்தபோது அக்கிருமி இல்லை!

அவ்வச்சம் மக்களை இரு திசையில் இழுத்தது. தாம் இறந்தபின் பிள்ளைகள் அநாதைகளாவரே என்று அஞ்சிப் பிள்ளைப்பேற்றை நிறுத்த எண்ணினோர் ஒருபுறம். உடலில் வலுவுள்ளபோதே பெற்றுவிட வேண்டுமென்று விரைந்தோர் மறுபுறம். முடிவுகள் வேறு; இரண்டையும் ஆட்டிவைத்தது ஐயம் ஒன்றே.

ஐயத்தை வெல்வது உபதேசமன்று, பரிசோதனையும் மருந்துமேயாம். சிகிச்சையின்றேல், கிருமியுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் நூறு பிள்ளைகளில் 15 முதல் 45 வரையானோருக்கு அது தொற்றக்கூடும். உரிய சிகிச்சை அத்தொகையை ஐந்துக்கும் கீழே இறக்கிவிடும். இதனை உணர்ந்த மலாவி அரசாங்கம், கிருமியுள்ள கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஆயுள் முழுவதும் மருந்து வழங்கும் திட்டத்தை 2011 இல் தொடங்கியது. வறிய நாடு காட்டிய வழியைப் பின்னர் பல நாடுகள் பின்பற்றின.

இலங்கையில் இந்நோய் அரிது. தாயிடமிருந்து சேய்க்கு இக்கிருமி தொற்றுவதை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் 2019 இல் நமக்குச் சான்றளித்தது. பெருமைதான். ஆயினும் கிருமிக்கு மருந்துண்டு, ஊர்வாய்க்கு மருந்துண்டா? பழிச்சொல்லுக்கு அஞ்சி ஒரு பெண் பரிசோதனைக்கு வராது ஒதுங்குவாளாயின், அச்சான்றினால் அவளுக்கு யாது பயன்?

எனவே நாம் கேட்பவை மூன்று. பரிசோதனை முடிவு இரகசியமாகக் காக்கப்படல் வேண்டும். விளக்கம் யாவும் கிராமத்தவருக்கு விளங்கும் தமிழில் அளிக்கப்படல் வேண்டும். பிள்ளை பெறுவதா என்பதை, உண்மையை அறிந்தபின், அப்பெண்ணும் அவள் கணவனுமே முடிவு செய்தல் வேண்டும். மாமியாரோ மருத்துவரோ அயலவரோ அல்லர்.

கற்றோர் இதனைத் தம் ஊரிலே எடுத்துரைப்பாராக. ஐயம் வழக்கைத் தொடுக்கலாம். தீர்ப்புக் கூறவேண்டியது அறிவே.