அரக்கு தீர்ந்தாலும் பாட்டு தீரலை

ராஞ்சிக்கு மாற்றலாகி வந்தப்புறம்தான் தெரிஞ்சது, இந்தப் பக்கம் விளையற அரக்கில்தான் அந்தக் கால கிராமபோன் தட்டு செஞ்சாங்கன்னு.

இரண்டாம் உலகப் போர் சமயம், 1942-இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்குப் போகிற அரக்கை வெகுவாகக் குறைச்சது. அந்த வருஷம் ஆகஸ்ட் 1 முதல் இசைக்கலைஞர் சங்கமும் ஒலிப்பதிவை நிறுத்தியது. பேங்க்காரன் கணக்குப்படி, அந்த ஊர் கிராமத்து இசையான 'கன்ட்ரி' அப்பவே படுத்திருக்கணும் :-) நடந்தது தலைகீழ்! தென்மாநில கிராமத்து ஜனங்க டெட்ராய்ட் ஆலைகளுக்கும் ராணுவ முகாம்களுக்கும் போனாங்க. பாட்டும் கூடவே போச்சு. 'ஹில்பில்லி', அதாவது பட்டிக்காட்டான்னு நக்கலடிச்ச ஊர்லயே ஜூக்பாக்ஸில் காசு போட்டுக் கேட்டாங்க. 1944-இல் பில்போர்டு பத்திரிகை இந்தப் பாட்டுகளுக்குன்னு தனிப் பட்டியலே போட்டது.

நம்ம வீட்டில்? செல்போனில் ஆயிரம் பாட்டு இருக்கு. ஆனா பக்கத்து வீட்டுக்காரர் வந்தா தெம்மாங்குச் சத்தத்தைக் குறைக்கிறது நான்தான். போன வாரம் பொண்ணு கேட்டா, "ஏம்ப்பா, இது கெட்ட பாட்டா?" சுருக்குன்னு இருந்துச்சு.

தட்டும் செல்போனும் பாட்டைக் காப்பாத்தாது மக்களே. ஊரை விட்டு வந்த நாமதான் வெட்கப்படாம, வாய்விட்டுப் பாடணும்.