மழை வெறித்தும் படம் வரவில்லையா?



எங்கள் வீட்டு டிவியில் நாலு நாளாகப் படமில்லை. பழுது பார்க்க வந்தவர் பெட்டியையே மாற்றச் சொன்னார். மட்டுப்பாவில் ஏறிப் பார்த்தால், டிஷ்ஷின் அலைவாங்கி (எல்என்பி) முனையில் கேபிள் சேருமிடத்தில் தண்ணீர் இறங்கிப் பச்சைக் களிம்பு! கெட்ட நுனியை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டதும் படம் வந்துவிட்டது.

கனமழையில் டிஷ்ஷுக்கு வரும் கூ-பேண்ட் அலை வலுவிழப்பது இயல்பு. மழை வெறித்ததும் தானே திரும்பும். திரும்பாவிட்டால் கனெக்டரையும், மறைக்கும் தென்னை ஓலையையும் பாருங்கள். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கான ஜிசாட்-15 செயற்கைக்கோள் நமக்குக் கிழக்கு-தென்கிழக்கில், 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது; அந்தப் பக்கம் வளரும் தென்னையே தடை. ஏறுமுன் மின்சாரத்தை அணையுங்கள்.

ஒரு வேண்டுகோள்: திரையில் ஆங்கிலத்தில் தோன்றிய பிழைச் செய்தி என் அம்மாவுக்குப் புரியவில்லை. எல்லா டிஷ் நிறுவனங்களும் அதைத் தமிழிலும் காட்ட வேண்டும்.

– ஒரு வாசகி, வடசேரி