பிள்ளையின் காரும் தந்தையின் வேகமும்

சிறுபிள்ளைகள் ஏறியமர்ந்து ஓட்டும் மின்சார விளையாட்டுக் கார்களை இன்று கொழும்பிலும் காணலாம், ரொறன்ரோவிலும் காணலாம். வாங்கிச் சில மாதங்கள் சென்றதும், கார் மெதுவாக ஓடுகிறது என்ற முறைப்பாடு எழுகிறது. முறையிடுபவர் பெரும்பாலும் பிள்ளையல்ல, தந்தையே. 12 வோல்ற் ஈயஅமிலப் பற்றரியைக் கழற்றிவிட்டு, துளையிடும் கருவிக்குரிய 18 வோல்ற் லிதியம் பற்றரியைப் பொருத்திவிடுகிறார். அதற்கான இணைப்பான்களும் தாராளமாக விற்பனையாகின்றன.

இது விளையாட்டல்ல, விஷப்பரீட்சை என்பதே எனது கருத்து.

மோட்டாரின் வேகம் ஏறத்தாழ வோல்ற்றளவுக்கு ஏற்பவே கூடும். 12 வோல்ற் 18 ஆனால் வேகம் ஒன்றரை மடங்காகும். ஆனால் மோதலின் வலிமையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப இரண்டேகால் மடங்காகிறது. சக்கரம் சிக்கி மோட்டார் நின்றுபோனால் கம்பிகளில் பிறக்கும் வெப்பமும் அவ்வாறே பெருகும். பல்சக்கரங்களோ பிளாஸ்ரிக்கினால் ஆனவை. இவற்றுட் பலவற்றில் தனியான பிறேக் கிடையாது. மிதியிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே வண்டியை நிறுத்த வேண்டும்.

பொறியியலாளர் வடிவமைத்த மின்சுற்றுகளே தவறியதுண்டு. 1998 ஒக்ரோபரில் அமெரிக்காவின் பிஷர் பிறைஸ் நிறுவனம் ஏறத்தாழ ஒரு கோடி பவர் வீல்ஸ் வாகனங்களைத் திருத்தத்திற்காக மீள அழைத்தது. மின்பாகங்கள் சூடேறியதாக ஏறத்தாழ 700 முறைப்பாடுகளும், தீப்பற்றியதாக ஏறத்தாழ 150 முறைப்பாடுகளும் கிடைத்திருந்தன. இக்குறைபாட்டை உரிய காலத்தில் அறிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் 2001 இல் அந்நிறுவனம் 11 இலட்சம் டொலர் தண்டம் செலுத்தியது. தொழிற்சாலையின் நிலையே இதுவெனில், வீட்டுக் கூடத்தில் உருகியையும் அகற்றிவிட்டுச் செய்யும் மாற்றத்தை என்னென்பது?

பற்றரியை மாற்றவே கூடாது என்று நான் கூறவில்லை. வோல்ற்றளவை மாற்றாது, கொள்ளளவை மட்டும் கூட்டலாம். 7 அம்பியர் மணிக்குப் பதிலாக 12 அம்பியர் மணி கொண்டதைப் பொருத்தினால் வேகம் அப்படியே இருக்கும், ஓடும் நேரம் நீளும். பற்றரி அதன் இடத்தில் அசையாது பொருந்த வேண்டும். உருகி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஈயஅமிலப் பற்றரிக்குரிய மின்னேற்றியால் லிதியம் பற்றரியை ஒருபோதும் மின்னேற்றக் கூடாது.

இன்னொன்று. கார் மெதுவாவதற்குப் பற்றரியின் முதுமையே பல வேளைகளில் காரணமாகின்றது. மின்னிறங்கிய நிலையில் மாதக்கணக்காக மூலையில் கிடந்தால் ஈயத்தகடுகளில் சல்பேற்று இறுகிவிடும். ஓடிமுடித்ததும் மின்னேற்றி வைத்தாலே ஆயுள் நீளும்.

பிள்ளை கேட்பது இன்னும் ஒரு சுற்று. வேகம் கேட்பவர்கள் நாம். அந்த ஆசையின் விலையைப் பிள்ளையின் தலையில் கட்டுவது நியாயமாகாது.