"ஒத்துப் போங்க" என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கெம்பஸ் போக இருக்கிற பிள்ளைகளும் அவர்களுடைய உம்மா வாப்பாமாரும் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள். மேடையில் பேசுகிறவர்கள் இரண்டு தடவை வாசியுங்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்த நாளிலிருந்து ஊர் முழுக்க பெனர். சந்தியில் ஒன்று, பள்ளிவாசல் மதிலில் ஒன்று, பேஸ்புக்கில் நூறு. மாவட்ட நிலை, இஸட் புள்ளி, பிள்ளையின் படம், அதைவிடப் பெரிதாக வாழ்த்துகிற ஹாஜியாரின் படம். மாஷா அல்லாஹ், வாழ்த்தட்டும். பிள்ளைகள் நித்திரை முழித்துப் படித்தார்கள். எத்தனையோ உம்மாமார் காதிலே கிடந்ததை அடகு வைத்து டியூஷன் காசு கட்டினார்கள். அந்தச் சந்தோசத்தில் யாரும் மண் அள்ளிப் போட வேண்டாம்.

என் கோபம் பெனரில் இல்லை. பாராட்டு விழா மேடையில் சொல்கிற புத்திமதியில் இருக்கிறது. அண்மையில் மூன்று விழாக்களுக்குப் போனேன். மூன்றிலும் ஒரே பேச்சு. "கெம்பஸ் போனா சீனியர்மார் சொல்றதக் கேட்டு நடங்க. ஒரு மூணு மாசம் ஒத்துப் போங்க. அதுக்குப் பொறகு அவங்கதான் உங்களுக்கு எல்லாம்." இதைச் சொன்னவர்கள் படிக்காத ஆட்கள் இல்லை. பட்டதாரிகள். கீழே உட்கார்ந்திருந்த உம்மா வாப்பாமார் தலையாட்டினார்கள். பிள்ளைகளும் தலையாட்டினார்கள்.

அந்த "ஒத்துப் போங்க" என்ற சொல்லுக்குள்ளே என்ன இருக்கிறது என்று வெளிப்படையாகப் பேசுவோம்.

எந்த உடுப்பு உடுப்பது, எந்தச் செருப்பு போடுவது, எந்தப் பாதையால் நடப்பது என்பதை இன்னொருவன் தீர்மானிப்பான். வாப்பா வைத்த பெயர் போய், வாயால் சொல்ல முடியாத ஒரு பட்டப் பெயர் வரும். கேட்கிற நேரம் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். இரவில் அறைக்கு வரச் சொன்னால் போக வேண்டும். கெட்ட வார்த்தை பேசத் தெரியாத பிள்ளைக்கு அதைப் படிப்பித்துப் பேச வைப்பார்கள். லைப்ரரிக்குப் போகாதே, விரிவுரையாளரோடு தனியாகப் பேசாதே, ஆங்கிலம் கதைக்காதே. இதற்கெல்லாம் தலையாட்டுவதைத்தான் மேடையில் நாகரிகமாக "ஒத்துப் போவது" என்கிறோம். சட்டத்தில் இதற்குப் பெயர் பகிடிவதை. குற்றம்.

1975இல் பேராதனையில் ரூபா ரத்னசீலி என்ற மாணவி, பகிடிவதைக்குத் தப்புவதற்காக விடுதியின் மாடியிலிருந்து குதித்தார். அதற்குப் பிறகு அவரால் எழுந்து நடக்க முடியவில்லை. 1997இல் அதே பேராதனையின் பொறியியல் பீடத்தில் வரப்பிரகாஷ் என்ற மாணவர், மிதமிஞ்சிய உடற்பயிற்சி செய்விக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அவரும் யாரோ ஒரு தாய் தகப்பன் ஊரெல்லாம் சொல்லிச் சந்தோசப்பட்டு அனுப்பிய பிள்ளைதான். அடுத்த வருடம் பாராளுமன்றம் சட்டம் கொண்டு வந்தது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். பகிடிவதை செய்தால் இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு. பாலியல் துன்புறுத்தலோ பாரதூரமான காயமோ ஏற்படுத்தினால் பத்து வருடம் வரை. உடலில் காயம் இருந்தால்தான் குற்றம் என்றும் இல்லை. மன வேதனையும் பயமும் உண்டாக்குவதும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. கெம்பஸ் வளவுக்கு வெளியே, வாடகை அறையில் நடந்தாலும் வருகிறது.

நான் படிப்பித்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தச் சட்டம் தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன். ஒரு கையில் உள்ள விரல் கூடத் தேவைப்படவில்லை. எட்டுப் பாடத்துக்குக் கடந்தகால வினாத்தாள் மனப்பாடம். தன்னைக் காப்பாற்றுகிற ஒரு சட்டத்தின் இலக்கம் தெரியாது.

இனி, எனக்கு வழமையாக வருகிற பதில்களுக்கு வருகிறேன்.

முதலாவது பதில்: "டீச்சர், ரேக் எல்லாரையும் சமமாக்கும். பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற வித்தியாசம் அதில்தான் அழியும்."

கேட்பதற்கு நல்லாத்தான் இருக்கிறது. நடப்பது என்ன? கெம்பஸ் பாஷையில் ஆங்கிலத்துக்குச் சிங்களத்தில் 'கடுவ' என்று பெயர். வாள் என்று அர்த்தம். ஆங்கிலம் கதைக்கிறவன் வாளால் வெட்டுகிறான், அதனால் யாரும் கதைக்கக் கூடாது என்பது நியாயம். சரி, இந்தத் தடையால் யாருக்கு நட்டம்? கொழும்பில் பெரிய பாடசாலையில் படித்து வந்த பிள்ளைக்கு ஆங்கிலம் ஏற்கெனவே நாக்கில் இருக்கிறது. மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தாலும் அது எங்கேயும் போகாது. மூதூரிலிருந்தும் முசலியிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் போகிற பிள்ளைதான் பிழை பிழையாகவாவது கதைத்துப் பழக வேண்டியது. அந்தப் பிள்ளையின் வாயைத்தான் நீங்கள் கட்டுகிறீர்கள். வாள் உள்ளவனிடம் வாள் அப்படியே இருக்கிறது. இல்லாதவன் செய்து கொள்வதற்குத்தான் தடை. இதற்குச் சமத்துவம் என்று பெயர் வைக்க வெட்கமாக இல்லையா?

இரண்டாவது பதில்: "சீனியர்மாரைப் பகைத்தால் குப்பி தரமாட்டார்கள், நோட்ஸ் தரமாட்டார்கள்."

குப்பி வகுப்பு நல்ல விஷயம். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுப்பது எங்கள் மார்க்கத்தில் ஸதகா. ஆனால் ஸதகாவுக்கு யாராவது முழங்காலில் நிற்க வைத்து விலை வாங்குவார்களா? தவிர, பாடத்தை நடத்துவது விரிவுரையாளர். புத்தகம் இருப்பது லைப்ரரியில். பழைய வினாத்தாளும் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். சீனியர் இல்லாவிட்டால் பட்டம் இல்லை என்பது சீனியர்களே கட்டிவிட்ட கதை.

மூன்றாவது பதில்: "மூணு மாசம்தானே டீச்சர், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தாப் போச்சு."

இந்த மூன்று மாதக் கணக்கை ஒரு தடவை பேனை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஓர் அரையாண்டு சுமார் 15 வாரம். மூன்று மாதம் என்றால் 12 வாரம். 15இல் 12 போனால் மிச்சம் மூன்று. பல பீடங்களில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு இருக்க முடியாது. இரவு இரண்டு மணி வரை சீனியரின் அறையில் நின்ற பிள்ளை காலை எட்டு மணி விரிவுரையில் என்ன எழுதும்? பல கலைப் பீடங்களில் முதலாம் வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் நான்கு வருட சிறப்புப் பட்டத்துக்கு எடுக்கிறார்கள். முதல் வகுப்பு வேண்டுமென்றால் பெரும்பாலான இடங்களில் ஜீபீஏ 3.70 தேவை. முதல் அரையாண்டில் விழுந்த பிள்ளை அதை எட்டிப் பிடிக்க மிச்சக் காலம் முழுக்க ஓட வேண்டும். நீங்கள் "தானே" என்று சொல்கிற அந்த மூன்று மாதத்தின் விலை சில பிள்ளைகளுக்கு முழுப் பட்டம்.

என்னிடம் படித்த ஒரு மகள், ஊரும் கெம்பஸும் வேண்டாம், நாலு மாதத்தில் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். ஊர் என்ன சொன்னது தெரியுமா? "பொம்புளப் புள்ளய தூரத்துக்கு அனுப்பினா இப்படித்தான்." அடுத்த வருடம் அதே பாதையில் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தும் வாப்பாமார் அனுப்பவில்லை. துன்புறுத்தியவனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பட்டம் முடித்து, இப்போது ஏதாவது ஒரு விழா மேடையில் "ஒத்துப் போங்க" என்று சொல்லிக்கொண்டு இருப்பான்.

இன்னொரு கசப்பான விஷயம். பல இடங்களில் சிங்களப் பிள்ளையைச் சிங்கள சீனியரும் தமிழ்ப் பிள்ளையைத் தமிழ் சீனியரும் ரேக் பண்ணுகிறார்கள். எங்கட பிள்ளையை எங்கட சீனியர்தான். ஜும்ஆவுக்குப் பக்கத்தில் நின்று தொழுதவன்தான் இரவில் கூப்பிடுகிறான். ஒருவரை ஒருவர் ஏளனம் செய்வதையும் பட்டப் பெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கிற வசனம் சூரா ஹுஜுராத்தில் இருக்கிறது. அதை இஸ்லாம் பாடத்தில் எழுதி ஏ எடுத்த பிள்ளைகள் இவர்கள். எழுதிய கையை எங்கே விட்டுவிட்டுப் போனீர்கள் மகன்?

நான்காவது பதில் வீட்டிலிருந்து வருவது: "நாம சிறுபான்மை. 2019க்குப் பிறகு நெலம எப்படி என்று தெரியும்தானே. பிரச்சினைக்குப் போகாத, பேர் வெளிய வரக் கூடாது." இந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. அந்த வருடம் எங்கள் வீட்டு அலுமாரிகளையும் தட்டித் தட்டித்தான் பார்த்தார்கள். ஆனால் வாய் திறக்காதவனை யாரும் மதித்ததாகச் சரித்திரம் இல்லை. தனக்கு நடந்த அநியாயத்தை முறைப்படி, எழுத்தில், சட்டத்தின் வழியில் சொல்லப் பழகாத பிள்ளை நாளைக்கு வைத்தியராகி, பொறியியலாளராகி, சமூகத்துக்காக எதைப் பேசப் போகிறது?

பிள்ளைகளே, ஒன்றை மனதில் போடுங்கள். இந்த இடம் சீனியர் தந்தது இல்லை. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் தீவளாவிய திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், புத்தளம் எல்லாம் அந்த 16இல் இருக்கின்றன. அந்தச் செலவில், ஒரு கிலோ சீனி வாங்குகிற ஏழை கட்டும் வரியும் இருக்கிறது. அந்த ஏழைக்குத்தான் நீங்கள் கடமைப்பட்டவர்கள். இரண்டாம் வருடத்தில் இருக்கிற ஒருவனுக்கு இல்லை.

சரி, அப்படியென்றால் என்ன செய்வது? பெறுபேறு வந்து பதிவுக் கடிதம் வரும் வரை பல மாதம் இருக்கிறது. அந்த நேரத்தைப் போனில் கரைக்காமல் இதைச் செய்யுங்கள்.

1. ஆங்கிலம். சான்றிதழ் தருகிற மூன்று மாதக் கோர்ஸை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசித்து, அரைப் பக்கம் சொந்தமாக எழுதுங்கள். உங்கள் பாடத்தின் முதலாம் வருடப் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்துத் தொடங்கினால் இன்னும் நல்லது.

2. சிங்களம். கடையில் சாமான் வாங்குகிற அளவு போதாது. பொலிஸில் ஒரு முறைப்பாட்டை நீங்களே சொல்லும் அளவுக்கு வேண்டும். பக்கத்துக் கட்டிலில் படுக்கிற சிங்களப் பிள்ளையோடு சிநேகமாகவும் அதுதான் வழி.

3. காசு. மஹாபொல 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முதல் கொடுப்பனவு கைக்கு வரத் தாமதமாகலாம். வீட்டில் உட்கார்ந்து முதல் ஆறு மாதத்துக்கு ஒரு கணக்குப் போடுங்கள். பெனருக்குச் செலவழிக்கிற நலன்விரும்பிகளிடம் அந்தக் காசைப் பிள்ளையின் கையில் கொடுக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் இல்லை.

4. சோறு சமைக்க, உடுப்புக் கழுவ, தனியாக பஸ் ஏறப் பழகுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கைவேலை தெரியாத பிள்ளைதான் முதலில் மற்றவனுக்கு அடிமையாகும்.

5. பதிவுக் கடிதம் வந்தவுடன் ஒரு வட்ஸ்அப் குரூப்பில் உங்களைப் போடுவார்கள். இப்போது ரேக் அங்கேயே தொடங்குகிறது. படம், வீட்டு நம்பர், பாஸ்வேர்ட் எதையும் கொடுக்காதீர்கள். மிரட்டல் வந்தால் அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

6. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையத்தின் ஊடாகவே முறைப்பாடு செய்யலாம். விபரம் அவர்களுடைய இணையத்தளத்தில் இருக்கிறது. இன்றைக்கே தேடி எடுங்கள். போன முதல் வாரத்திலேயே மாணவர் ஆலோசகர் யார், விடுதிப் பொறுப்பாளர் யார் என்று அறிந்து, முகத்தைக் காட்டி ஸலாமோ வணக்கமோ சொல்லிவிட்டு வாருங்கள்.

7. தனியாக எதிர்க்க வேண்டாம். ஒரே ஊரிலிருந்து ஐந்து பேர் போகிறீர்கள் என்றால், போவதற்கு முன்னரே ஐந்து பேரும் ஒரு முடிவெடுங்கள். ஒருவரைக் கூப்பிட்டால் ஐந்து பேரும் போவோம், அல்லது ஒருவரும் போக மாட்டோம்.

எதிர்த்தால் ஒன்றும் நடக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஒதுக்குவார்கள். கென்டீனில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். சில மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கஷ்டத்தில் உங்கள் பெயர் உங்களிடமே இருக்கும். பாடமும் கையை விட்டுப் போகாது.

உம்மா வாப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை போனில் "ஒண்ணுமில்ல உம்மா" என்று சொல்கிற தொனியைக் கவனியுங்கள். "எது நடந்தாலும் எங்களிட்டச் சொல்லு, உனக்கு ஏச மாட்டோம்" என்று போவதற்கு முன்னரே சொல்லி அனுப்புங்கள். பல பிள்ளைகள் சீனியருக்குப் பயந்ததை விட வீட்டுக்குப் பயந்துதான் மறைக்கிறார்கள்.

கடைசியாக, என்னிடம் படித்து இப்போது இரண்டாம், மூன்றாம் வருடத்தில் இருக்கிற மகன்மார், மகள்மாருக்கு. இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். கொமெண்டில் வந்து "டீச்சருக்குக் கெம்பஸ் கல்சர் விளங்காது" என்று எழுதுவீர்கள் என்றும் தெரியும். எழுதுங்கள். ஆனால் உங்களுக்கு நடந்ததை நீங்கள் இன்னும் உம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல முடியாத ஒன்றை இன்னொருவருடைய பிள்ளைக்குச் செய்யாதீர்கள். உங்களோடு அது நிற்கட்டும். புதிதாக வருகிற பிள்ளையின் பையைத் தூக்கிக் கொடுங்கள், லைப்ரரியைக் காட்டுங்கள், குப்பி வகுப்பைச் சும்மா நடத்துங்கள். அந்தப் பிள்ளை ஆயுள் முழுக்க உங்களுக்காக துஆ செய்யும்.

விரும்பினால் ஷெயார் பண்ணுங்கள். கெம்பஸ் போகிற ஒரு பிள்ளைக்கு அனுப்பி வைத்தால் அதைவிடச் சந்தோசம். அல்லாஹ் எல்லாப் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக.